பதினொரு பெயர்களும் ஒரு மைதானமும்: உடற்கல்வி குறித்த வாசகர் கேள்விகள்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உடற்தகுதியின் கூறுகளை எப்படிக் கற்பிப்பது என்பது குறித்த கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கித் தந்திருக்கிறோம். அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் விடையளிக்கிறார்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் உடற்தகுதியின் 11 கூறுகளையும் சார்ட்டில் எழுதி மாட்டியிருக்கிறேன். மாணவர்கள் வரிசை தவறாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் கோ-கோ விளையாடும்போது இவற்றில் எது பயன்படுகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். நான் எங்கே தவறு செய்கிறேன், ஐயா?
— உடற்கல்வி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

சார்ட்டை முதலில் மாட்டியதுதான் தவறு. அதைக் கழற்றி வைத்துவிட்டு, 11 வாரம் கழித்து மாணவர்களையே எழுதச் சொல்லி மாட்டுங்கள்.

பிற வாசகர்களுக்காக அந்தப் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். இதய சுவாசத் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வுத்தன்மை, உடற்கட்டமைவு (உடலில் தசை, கொழுப்பு போன்றவை எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது) ஆகிய ஐந்தும் உடல்நலம் சார்ந்தவை. விளையாடுகிறவருக்கும் விளையாடாதவருக்கும் ஆயுள் முழுவதும் தேவைப்படுபவை. வேகம், விரைந்து திசைமாறும் திறன், சமநிலை, ஒருங்கிணைப்பு, வெடிப்புத் திறன், எதிர்வினை நேரம் ஆகிய ஆறும் விளையாட்டுத் திறன் சார்ந்தவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பிரிவினையைக் கூடப் பின்னால் சொன்னால் போதும். உடல் ஒன்றை உணர்ந்த பிறகு அதற்கு ஒரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயர் நிற்கும். பெயரை முதலில் கொடுத்தால் அது வாயோடு நின்றுவிடும்.

எதிர்வினை நேரத்தை எடுத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும். ஒரு மாணவர் ஸ்கேலை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலின் பூஜ்ஜியத்துக்கு நேராக, அதைத் தொடாமல், விரித்து வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்கேலை விட்டதும் மற்றவர் பிடிக்க வேண்டும். 15-வது சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 0.17 நொடி, 20-ல் பிடித்தால் 0.20 நொடி. இந்தக் கணக்கை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். புவியீர்ப்பு முடுக்கம் அவர் வகுப்பில் வருவதற்கு முன்பே உங்கள் மைதானத்தில் வந்துவிடும். முதல் முறை பெரும்பாலானோர் ஸ்கேலைத் தரையிலிருந்துதான் எடுப்பார்கள். ஐந்து முறை செய்து, மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள மூன்றின் சராசரியை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மறுநாள் 50 மீட்டர் ஓடவிடுங்கள். விசில் ஊதியதும் முதலில் காலெடுத்தவர் யார், கோட்டை முதலில் தொட்டவர் யார் என்று இரண்டு மாணவர்கள் தனித்தனியாகக் குறிக்கட்டும். இரண்டு பெயர்களும் பல சமயம் ஒன்றாக இருக்காது. எதிர்வினை நேரம் வேறு, வேகம் வேறு என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பெரிய தடகளப் போட்டிகளில் துப்பாக்கி ஒலித்து 0.1 நொடிக்குள் காலை அசைத்தவரைத் தவறான தொடக்கம் என்று வெளியேற்றுகிறார்களே, அது ஏன் என்றும் அப்போது கேட்கலாம். ஒலியைக் கேட்டு அதற்கு எதிர்வினை காட்ட எந்த மனிதருக்கும் அவ்வளவு நேரமாவது வேண்டும் என்பதுதான் அந்த விதியின் அடிப்படை.

மாணவர்களை மட்டுமல்ல, நம்மையும் அதிகம் குழப்புவது தசை வலிமையும் தசைத் தாங்குதிறனும்தான். ஒரு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைப்பது வலிமை. கால் வாளித் தண்ணீரைக் கையை நீட்டியபடி எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடிகிறது என்பது தாங்குதிறன். தண்டாலை எடுத்துக்கொண்டால் இன்னொன்று விளங்கும். 25 தண்டால் எடுக்கும் மாணவரிடம் நாம் அளப்பது தாங்குதிறனை. ஒரு தண்டால்கூட எடுக்க முடியாமல் தரையில் கிடக்கும் மாணவரிடம் நாம் தாங்குதிறனை அளக்கவே இல்லை. அவரிடம் இன்னும் வலிமை போதவில்லை என்பதைத்தான் அறிகிறோம். ஒரே சோதனை, இருவரிடம் இரண்டு கூறுகளை அளக்கிறது. பிந்தையவரைச் சுவரில் கையூன்றியோ பெஞ்சில் கையூன்றியோ எடுக்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் மாவட்டம் மல்லர் கம்பத்துக்குப் பெயர் பெற்றது. பக்கத்தில் பயிற்சி நடந்தால் ஒரு நாள் வகுப்பையே அங்கே அழைத்துச் செல்லுங்கள். கம்பத்தின் மேல் நிற்கும் ஒரு பிள்ளையிடம் எத்தனை கூறுகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்று எண்ணச் சொன்னால், அதற்குப் பிறகு கோ-கோவைப் பற்றி நீங்கள் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: இலங்கையில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடத்தில் நாங்கள் உடற்தகைமை என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு நூல்களில் உடற்தகுதி என்று இருக்கிறது. திறன், ஆற்றல், வலு ஆகிய சொற்களும் நூலுக்கு நூல் இடம் மாறுகின்றன. மாணவர்களுக்கு எதைச் சொல்வது?
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

உடற்தகைமை, உடற்தகுதி இரண்டும் நல்ல சொற்கள். உங்கள் மாணவர்கள் தேர்வில் எதை எழுத வேண்டுமோ அதையே சொல்லுங்கள். சிக்கல் மற்ற சொற்களில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு இயற்பியல் நூலில் திறன் என்றால் வேலை செய்யும் வீதம். உங்கள் இயற்பியல் நூலில் அதுவே வலு. ஆனால் உடற்கல்வி வகுப்பில் பந்தைக் கடத்துவதும் திறன், எறிவதும் திறன். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும்போது கால் தசைகள் ஒரே கணத்தில் முழு வலிமையையும் வேகத்தையும் சேர்த்து வெளிப்படுத்துகின்றனவே, அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு சொல் நம்மிடம் இல்லை. நான் வெடிப்புத் திறன் என்று சொல்லிவந்தேன். அதுவும் குறையற்றதல்ல. சொல்லைச் சொல்லிவிட்டு உடனே ஒருவரைத் தாண்டவைத்தால் குறை மறைந்துவிடும்.

எனக்கு மிகவும் தொல்லை கொடுத்த சொல் சுறுசுறுப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலை தடுமாறாமல் சட்டென்று திசைமாறும் திறனுக்குப் பல நூல்கள் சுறுசுறுப்பு என்றே எழுதுகின்றன. ஒருமுறை ஆறாம் வகுப்பில், “உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாருக்குச் சுறுசுறுப்பு அதிகம்?” என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, “எங்கம்மாதான் சார், நாலு மணிக்கே எழுந்திருச்சிடுவாங்க” என்றாள். தமிழின்படி அவள் சொன்னது முற்றிலும் சரி. நூலின்படி தவறு என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து திசைமாறும் திறன் என்றே சொல்லிவந்தேன். மாணவர்கள் தங்களுக்குள் 'டாட்ஜ் காட்டுறது' என்றார்கள். அந்தச் சொல்லில் பொருள் மயக்கம் துளியும் இல்லை. உங்கள் பகுதியில் கிளித்தட்டு இன்னும் ஆடப்படுகிறது என்றால், மறிப்பவரைத் தாண்டும் அந்த ஒரு கணத்தைக் காட்டினாலே போதும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், 13 வயது. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 37 கிலோ. பள்ளியில் பி.எம்.ஐ. கணக்கிட்டு, 'எடை குறைவு' என்று வகுப்பின் முன் வாசித்திருக்கிறார்கள். அன்று முதல் அவனை ஒல்லிக்குச்சி என்று கேலி செய்கிறார்களாம். விளையாடப் போகவே மறுக்கிறான். அவன் உடல்நிலை மோசமா?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

அம்மா, நீங்கள் தந்த அளவுகளின்படி உங்கள் மகனின் பி.எம்.ஐ. ஏறக்குறைய 16.4. எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி அதன் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் வரும். வயது வந்தோருக்கான அட்டவணையில் 18.5-க்குக் கீழே இருப்பதை எடை குறைவு என்பார்கள். பள்ளியில் அந்த அட்டவணையைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வளரும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அவர்களுடைய எண்ணை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்தே பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயது வரையிலானோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், 13 வயதுப் பையன்களின் நடு அளவு 18-ஐ ஒட்டியும், மெலிவு என்று சொல்லத் தொடங்கும் எல்லை 15-ஐ ஒட்டியும் இருக்கின்றன. உங்கள் மகன் இயல்பான எல்லைக்குள் நன்றாகவே இருக்கிறான். ஓராண்டில் எடை கூடாமலே இருந்தாலோ, குறைந்தாலோ, பசியும் சோர்வும் மாறியிருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் அவர் ஓர் எண்ணை மட்டும் பார்க்க மாட்டார். வளர்ச்சி எந்தக் கோட்டில் போகிறது என்பதையே பார்ப்பார்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 11 கூறுகளில் உடற்கட்டமைவு ஒன்றுதான் முயன்று உடனே மாற்ற முடியாதது. பிள்ளை தன் உடலாகவே எண்ணிக்கொள்வது. அதை ஒருபோதும் உரக்க வாசிக்காதீர்கள். எடைக்கருவியை அறைக்குள் வையுங்கள், ஒவ்வொருவராக வரட்டும், எண்ணை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தவிர, பி.எம்.ஐ. உடற்கட்டமைவையே முழுமையாக அளப்பதும் இல்லை. உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. கபடி ஆடித் தசை ஏறிய மாணவரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மாணவரும் ஒரே எண்ணைப் பெறலாம்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு மைதானம் இல்லை, வகுப்பறைகளுக்கு நடுவே ஒரு முற்றம் மட்டும் இருக்கிறது. ஒரு வகுப்பில் 48 பேர், பீரியட் 40 நிமிடம். அதையும் அடிக்கடி கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். இதில் எந்தக் கூறைக் கற்பிப்பது?
— உடற்கல்வி ஆசிரியை, சென்னை

முற்றத்தை முதலில் அளந்துவிடுங்கள். 24 மீட்டருக்கு 16 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று 80 மீட்டர். ஏழரைச் சுற்று 600 மீட்டர். கேலோ இந்தியா பள்ளி மதிப்பீட்டில் நான்காம் வகுப்பிலிருந்து கேட்கப்படும் 600 மீட்டர் ஓட்டத்தையோ நடையையோ இங்கேயே பழக்கலாம். ஒவ்வொரு மூலையிலும் வேகம் குறைந்து திரும்ப வேண்டியிருப்பதால், உங்கள் முற்றத்தில் ஆகும் நேரத்தைத் திறந்த மைதானத்தில் ஓடியவர்களின் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். ஜூனில் ஓடியதை அதே முற்றத்தில் செப்டம்பரில் ஓடியதோடு ஒப்பிடுங்கள், அது போதும்.

48 பேரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகச் செய்யவைத்தால் ஒரு பிள்ளை 40 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட அசையாது. எட்டு எட்டுப் பேராக ஆறு இடங்களில் நிறுத்துங்கள். ஓரிடத்தில் கயிறு தாண்டட்டும்; ஓரிடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு நொண்டியடிக்கட்டும்; ஓரிடத்தில் பெஞ்சில் கையூன்றித் தண்டால் எடுக்கட்டும்; ஓரிடத்தில் பந்தை வலக்கையால் சுவரில் எறிந்து இடக்கையால் பிடிக்கட்டும்; ஓரிடத்தில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டட்டும்; கடைசி இடத்தில் 10 மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு, இரண்டு மரக்கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடி எடுத்துவரட்டும். ஓரிடத்தில் 3 நிமிடம், இடம் மாற 1 நிமிடம். 24 நிமிடத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். உடலைச் சூடேற்றவும் தளர்த்தவும் நேரம் மிஞ்சும். எந்த இடத்தில் எந்தக் கூறு என்று முதல் நாள் சொல்லாதீர்கள். மூன்றாம் வாரம் ஆறு அட்டைகளைக் கொடுத்து, எந்த அட்டையை எங்கே வைப்பது என்று அவர்களையே சண்டை போடவிடுங்கள். நொண்டியடிக்கும் இடத்தில் சமநிலையா, தசைத் தாங்குதிறனா என்று நிச்சயம் சண்டை வரும். இரண்டும்தான்; ஆனால் அதை நீங்கள் சற்றுத் தாமதமாகச் சொல்லுங்கள்.

முற்றத்தில் செய்ய முடிந்த இன்னொன்று நாடித்துடிப்பு. மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே, மற்ற இரு விரல்களின் நுனியை வைத்து 10 நொடி எண்ணி 6-ஆல் பெருக்க வேண்டும். கட்டைவிரலை வைத்து எண்ணக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் கணக்குப் பிசகும். உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை, இரண்டு நிமிடம் கயிறு தாண்டிய உடனே ஒரு முறை, பிறகு முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறை எண்ணட்டும். ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் அதே வேலைக்குத் துடிப்பு முன்பு ஏறிய அளவு ஏறாது. ஏறியதும் விரைவாக இறங்கும். இதய சுவாசத் தாங்குதிறன் என்ற நீண்ட பெயருக்குள் இருக்கும் செய்தி இதுதான். இதில் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “கபடிக்கு மூச்சடக்கினால் இது வளருமா சார்?” ஒரு ரெய்டு 30 நொடிதான், அது மூச்சைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தைத் தரும். இதயத்தைப் பழக்க வேண்டுமானால் நிமிடக்கணக்கில் தொடர்ந்து இயங்க வேண்டும்.

வெயில் ஏறிய நேரத்து பீரியடில் ஓட்டம் வேண்டாம். நெகிழ்வும் சமநிலையும் நிழலில் செய்யக்கூடியவை. காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். ஓட்டத்துக்கு முன் “சாப்பிட்டாயா?” என்று கேட்பது சோதனையின் ஒரு பகுதி என்றே நான் வைத்திருந்தேன்.

கணக்கு ஆசிரியரைப் பற்றி: நாடித்துடிப்பு எண்ணிய நோட்டை அவரிடம் காட்டி, வரைபடம் போட ஒரு கணக்கு பீரியடைக் கேட்டுப்பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் தந்தார், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கேள்வி: ஓட்டம் என்றாலே என் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். விளையாட விட்டால் ஒரு மணி நேரம் ஓடுகிறவர்கள், 600 மீட்டர் என்றதும் வயிற்று வலி என்கிறார்கள். ஏன்?
— பயிற்சி ஆசிரியர், தஞ்சாவூர்

தாமதமாக வந்தால் மூன்று ரவுண்டு, சீருடையில் குறை இருந்தால் ஐந்து ரவுண்டு, பேசினால் தோப்புக்கரணம் என்று பள்ளிக்கூடம் முழுவதும் ஓட்டத்தையும் பயிற்சியையும் தண்டனையாக வைத்திருக்கிறோம். பிறகு அதே ஓட்டத்தை நல்லது என்று பாடம் எடுத்தால் பிள்ளை எதை நம்பும்? இதை நான் பிறரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. என் முதல் எட்டு ஆண்டுகளில் நானே அதைத்தான் செய்தேன். அப்படிச் சுற்றவைத்த ஒருவன் பல ஆண்டுகளுக்குப் பின் பேருந்தில் என்னைக் கண்டு மரியாதையாக இடம் கொடுத்துவிட்டு, “அந்தக் கிரவுண்டைப் பார்த்தாலே இன்னும் மூச்சு வாங்குது சார்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு வேகத்தைப் பங்கிட்டு ஓடத் தெரியாது. முதல் 100 மீட்டரைப் பந்தயம்போல் ஓடிவிட்டு 200-ல் விலாவைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்லும் வயிற்று வலி பெரும்பாலும் இதுதான். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் முதலில் ஓடச் சொல்லுங்கள். உடற்கல்வி வகுப்பில் பேசுவதற்கு அனுமதி கிடைக்கும் அபூர்வமான வேளை அது என்பதாலேயே அவர்களுக்குப் பிடித்துவிடும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு வரை நன்றாக விளையாடிய மாணவிகள் எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?
— உடற்கல்வி ஆசிரியை, திருநெல்வேலி

கட்டாயப்படுத்துவதற்கு முன் மரத்தடியில் அவர்களோடு ஒரு பீரியட் உட்கார்ந்து பாருங்கள். துப்பட்டா நழுவுவது, பையன்கள் பார்ப்பது, கறைபடுமோ என்ற பயம், கழிப்பறையில் தண்ணீர் இல்லாதது என்று காரணங்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றுகூடச் சோம்பல் அல்ல. ஆடுகளத்துக்குத் துப்பட்டா இல்லாத உடை வேண்டும். அது மானத்தின் பொருட்டு மட்டுமல்ல, கம்பத்திலோ கயிற்றிலோ சிக்கினால் ஆபத்து என்பதாலும். மாதவிடாய் நாட்களில் உடல் ஒத்துழைத்தால் விளையாடுவதற்கு மருத்துவத் தடை எதுவும் இல்லை, வலி இருந்தால் விட்டுவிடலாம், முடிவு அவளுடையது. காரணம் கேட்காமலே 'இன்று நான் ஸ்கோர் எழுதுகிறேன்' என்று எந்த மாணவியும் சொல்லலாம் என ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பையன்களும் அதைச் சொல்லலாம் என்று இருந்தால் அதில் மறைபொருள் எதுவும் மிஞ்சாது.

பருவமடையும் வயதுக்கு முன்பு பையன்களுக்கும் பெண்களுக்கும் உடற்தகுதியில் பெரிய வேறுபாடு கிடையாது. அதன்பின் வலிமையிலும் வேகத்திலும் சராசரிகள் விலகுகின்றன. ஆகவே எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பட்டியலில் இருவரையும் தரவரிசைப்படுத்தினால், போன ஆண்டு வரை முதலில் வந்துகொண்டிருந்த பெண், தான் எதையோ இழந்துவிட்டதாகவே நினைப்பாள்.

கேள்வி: உட்கார்ந்து கால்நீட்டி விரலைத் தொடும் சோதனையில் போன ஆண்டைவிட இந்த ஆண்டு பல பையன்கள் பின்தங்கியிருக்கிறார்கள். பயிற்சி போதவில்லையா?
— ஆசிரியர், மதுரை

அளவெடுக்கும்போது உயரத்தையும் பார்த்தீர்களா? பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதையும் பையன்கள் 14 வயதையும் ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள். முதலில் நீள்வது கால்கள். உடம்பு அதற்குப் பின்னால் வருகிறது. கை எட்ட வேண்டிய தொலைவு கூடிவிட்டது, அவ்வளவுதான். அதே மாதங்களில் ஓடும்போது தடுமாறுவார்கள். பந்து கையில் நிற்காது. சமநிலையும் ஒருங்கிணைப்பும் புதிய நீளங்களைப் பழகிக்கொள்ளும் வரை பொறுங்கள். இழுத்து முறுக்கி எட்டவைக்க வேண்டாம்.

கேள்வி: எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஈரோடு

முறையான மேற்பார்வையில் செய்யும் வலிமைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மேற்பார்வை இல்லாமல், நண்பனோடு பந்தயம் கட்டித் தன்னால் முடியாத எடையைத் தூக்குவதுதான் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். தம்பி, முதலில் உன் உடல் எடையையே தூக்கப் பழகு. தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல் ஆகிய மூன்றும் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

கேள்வி: இந்தப் பட்டியலை யார் வகுத்தார்கள்? நம் ஊர் விளையாட்டுகளில் இவை இல்லையா?
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, கூறுகள் எல்லாம் பாண்டியிலும் கிட்டிப்புள்ளிலும் இருந்தன, பட்டியலாக இருக்கவில்லை. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபின் நம் பகுதியில் உடற்கல்வி முறையான படிப்பாயிற்று. சோதனைகளின் கதை அமெரிக்காவில் நடந்தது. 1950-களின் முற்பகுதியில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும் அவரோடு பணிபுரிந்தவர்களும், ஆறு எளிய சோதனைகளை அமெரிக்கப் பிள்ளைகளிடமும் ஆஸ்திரியா, இத்தாலி போன்ற நாடுகளின் பிள்ளைகளிடமும் நடத்தினார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு சோதனையிலாவது தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தோற்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதிபர் ஐசனோவர் வரை செய்தி போய், 1956-ல் இளைஞர் உடற்தகுதிக்கென்றே ஒரு குழு அமைக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆறில் ஐந்து உடற்பகுதித் தசைகளின் வலிமையையும் ஒன்று நெகிழ்வையும் அளந்தன. தாங்குதிறனை அளக்கும் சோதனை ஒன்றுகூட இல்லை. ஒரு தேசமே பதறியது இரண்டு கூறுகளைப் பார்த்துத்தான்.

அதன் விளைவாக 1958-ல் அமெரிக்கப் பள்ளிகளுக்கென வந்த சோதனைத் தொகுப்பில் 50 கெஜ ஓட்டமும் 600 கெஜ ஓட்டமும் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலும் இருந்தன. நம் பள்ளிகளின் 50 மீட்டரையும் 600 மீட்டரையும் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சாயல் தெரியும். விளையாட்டு வீரரை அளப்பது வேறு, நலமாக இருப்பவரை அளப்பது வேறு என்று பிரித்து, நலம் சார்ந்த கூறுகளுக்கு மட்டும் அங்கே தனித்தொகுப்பு வந்தது 1980-ல்தான். சுவரில் மாட்டும் 'ஐந்தும் ஆறும்' அவ்வளவு பழையதல்ல.

கேள்வி: இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது? வேகமாக ஓடுபவருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவர்கள் சோர்கிறார்கள். எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுத்தால் ஓடுபவர் சோர்கிறார்.
— உடற்கல்வி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

ஓட்டத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், நோட்டுக்குப் போடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் 40 பக்க நோட்டு ஒன்று; ஒரு கூறுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களில் எடுத்த அளவுகள். வலப்பக்கத்தில் மாணவர் தன் சொற்களில், எந்த அளவு ஏன் மாறியது என்று எழுத வேண்டும். அளவைச் சரியாக எடுத்திருக்கிறாரா, மாறியதற்கு அவர் சொல்லும் காரணம் அந்தக் கூறோடு பொருந்துகிறதா, அடுத்த பருவத்தில் எதைப் பழகப்போகிறார் என்பதை எழுதியிருக்கிறாரா என்று மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடலாம். குறைந்திருந்தாலும் காரணம் சரியாக எழுதியவருக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எண்களைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். வேகமாக ஓடுபவருக்கு மாவட்டப் போட்டி இருக்கிறது. அவருக்கு வேண்டியது அங்கே கிடைக்கும்.

கடைசி ஆண்டு நான் திருத்திய ஒரு நோட்டில், எதிர்வினை நேரத்துக்கான பக்கத்தில் இப்படி இருந்தது: “ஜூனில் 22 செ.மீ., செப்டம்பரில் 18 செ.மீ., ஜனவரியில் 23 செ.மீ. காரணம்: ராத்திரி பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த பஸ்ஸில் தூங்கவில்லை.” முழு மதிப்பெண் கொடுத்தேன்.